சம்சாரியின் சொல்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். இணையச் சந்தையில் வேறு ஊர்ச் சரக்குக்கு அந்தப் பெயரைச் சட்டப்படி ஒட்ட முடியாது, நல்லதுதான். ஆனால் ஒரு வட்டாரத்தின் சொத்து பண்டம் மட்டும்தானா? பக்கத்து இடைசெவலில் விவசாயம் பார்த்த கி. ராஜநாராயணன், 1982இலேயே தமது ‘வட்டார வழக்குச் சொல்லகராதி’யில் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்.

மொழி ஆர்வலர்களுக்கான நூலென்று இதை ஒதுக்கிவிடுகிறோம். தகவல் தொழில்நுட்பத்தில் பிழைக்கும் எனக்கு இது கரிசலின் தரவுத்தளம். ‘சம்சாரி’ என்றால் பொதுவழக்கில் குடும்பஸ்தர், கரிசலில் விவசாயி. இந்த ஒரு சொல் பிடிபடாத செயலி, அங்கே மானாவாரி வெள்ளாமை பார்ப்பவருக்கு மழையைப் பற்றியோ விலையைப் பற்றியோ என்ன சொல்லிவிடும்? அது அவரிடம் விற்கும், அவரிடம் கேட்டுக்கொள்ளாது.

நூலின் குறை அதன் வடிவம்தான். ஒரே வேலையைச் சேர்ந்த சொற்களை அகரவரிசை பக்கத்துக்குப் பக்கம் பிரித்துப் போடுகிறது. அவை ஒன்றுகூடிப் புழங்குவதைப் பார்க்க அவரது கதைகளுக்குத்தான் போக வேண்டும்.

புலம்பெயர்ந்த நாம் கடலை மிட்டாயை வரவழைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். கூடவே இந்த அகராதியும் வீட்டில் இருக்கட்டும். அவர்களில் பலர் மென்பொருள் எழுதப்போகிறவர்கள். கரிசல் சொல்லை இயந்திரத்துக்குக் கற்றுத்தர, முதலில் அவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.