வினாநிரலுக்கு முன்னால்

மதுரையை அடுத்த கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஆய்வென்று வரும் மேலாண்மை மாணவர்கள் பெரும்பாலும் ஒரே கருவியோடு வருகிறார்கள்: 'முற்றிலும் ஒப்புகிறேன்' தொடங்கி 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள் போட்ட வினாநிரல். மனப்பாங்கை அளக்க உளவியலாளர் லிக்கர்ட் 1932-இல் வகுத்த நல்ல முறைதான் அது. எதை அறியப்போகிறோம் என்று முடிவாகுமுன்பே கைக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு ஆய்வு மரபில் தடங்கள் பல உண்டு. சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களை அவரவர் ஊருக்கே அனுப்பி நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுக்க வைத்தார். 1918-இல் அது நூலாயிற்று. அதில் வரும் ஊர்களில் ஒன்று நமக்குத் தெற்கே, சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் இந்த ஊர்களை மறு ஆய்வு செய்தார்கள். 1980-களிலும் மறு ஆய்வு நடந்தது. எண்ணத்தக்கதை எண்ணு, காலம் விட்டு மீண்டும் எண்ணு என்பது இந்தப் பள்ளியின் கொள்கை. மாற்றத்தை அளக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

மானிடவியலாளர் லூயி துய்மோன் போனது வேறு வழி. 1949, 50-இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, மணஉறவையும் சீர்வரிசையையும் அந்த மக்களின் கண்கொண்டு பார்க்க முயன்றார். 1957-இல் பிரெஞ்சில் நூல் வந்தது. இது பொருள்கோள் நோக்கு. தொழில் ஆய்வுக்கும் சீர்வரிசைக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பட்டறை தொடங்க மச்சான் கொடுத்த பணம் வினாநிரலில் எந்தக் கட்டத்தில் விழும்? 'சொந்த முதல்' என்றுதான் எழுதுவார்கள். பத்திரமில்லை, வட்டியில்லை, ஆனால் காதுகுத்திலும் கல்யாணத்திலும் கணக்கு நேராகிக்கொண்டே இருக்கும். இதை உட்கார்ந்து பேசித்தான் அறியமுடியும்.

ஒரே நிறுவனத்தை ஆழ்ந்து பார்க்கும் நேர்வு ஆய்வுக்கு அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது, 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பாடமானது. வென்றவர் கதை என்பதே இவ்வகையின் பலவீனமும்.

ஆய்வின் தரம் பற்றிக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது மாதிரியைத்தான். திறந்திருக்கும் பட்டறைகளில் மட்டும் விசாரித்துவிட்டு 'வெற்றிக்கான காரணிகள்' என்று தலைப்பிடுவது செல்லாது. மூடியவரிடமும் அதே காரணிகள் இருந்திருக்கலாம். அவர்களைத் தேடுவதும் முடியாத காரியமல்ல. நாளிதழில் வரும் வங்கி ஏல அறிவிப்புகளிலிருந்து தொடங்கலாம். பக்கத்துப் பட்டறைக்காரருக்கு, மூடியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது தெரிந்திருக்கும்.