தட்டு தானாக வருமா?

திருச்சி கே.கே. நகரில் எங்கள் தெரு நண்பர் ஒருவர் உல்லாசக் கப்பலில் போய்வந்து, பிரயாணக் கட்டுரை ஒன்று எழுதினார். "அபிப்பிராயம் சொல்லுங்கள், ஸார்" என்று நீட்டினார்.

நாலு பக்கத்தில் ஒன்றரைப் பக்கம் காலைப் பலகாரம்! ரொட்டி, முட்டை, பழம், காபி என்று அச்சிட்ட அட்டையில் வேண்டியதற்கு எதிரே குறியிட்டு, நேரத்தையும் எழுதி, இரவே அறைக் கதவின் வெளிப்பிடியில் மாட்டிவிட வேண்டுமாம். விடிந்ததும் தட்டு வந்துவிடும். ரசமாகவே எழுதியிருக்கிறார். ஆனால், தட்டு தானாகவா நடந்து வந்தது? கப்பல் சிப்பந்திகளில் பலர் மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து உழைப்பவர்கள். கொண்டுவந்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஏ.கே. செட்டியாரும் கப்பலில் போனவர்தான். 1937-இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும்போதுதான் காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. அவருடைய கட்டுரைகளில் 'நான்' ஒதுங்கி நிற்கும். பார்த்த மனிதர்கள் முன்னால் வருவார்கள்.

இதைச் சொன்னேன். "பேர் கேட்கக்கூடத் தோன்றவில்லையே, ஸார்!" என்றார் நண்பர். அவரைக் குறை சொல்லிவிட்டேனே தவிர, என் நாவல்களில் எத்தனை காபி தானாக வந்திருக்கிறது என்று அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். எண்ணிக்கையை வெளியே சொல்வதற்கில்லை.