தோளில் தொங்கும் குரல்

வாக்கி டாக்கி இடுப்பிலும், உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் மைக் தோளிலுமாகப் போலீஸ்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹாம் ரேடியோ எனும் அமெச்சூர் வானொலி பழகியபின் எனக்கும் அந்தத் தோள் மைக்கின்மேல் ஒரு கண்.

முதலில் வாங்கியது மலிவுச் சரக்கு. 5 வாட்டில் பேசினால் குரலோடு ஒரு ரீங்காரமும் சேர்ந்து போகும். ஆன்டெனா அனுப்பும் அலை, சரியான உறையில்லாத மைக் ஒயருக்குள்ளேயே புகுந்துகொள்வதால் வரும் வினை அது.

இப்போது மைக் வாங்கும்போது முதலில் பிளக்கைப் பார்க்கிறேன். பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாதிரியான வாக்கி டாக்கிகளுக்கு 3.5, 2.5 மில்லிமீட்டரில் இரட்டைப் பின். இரண்டும் அடிவரை இறங்கி உட்கார வேண்டும். பிறகு பேசும் பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு அழுத்திப் பார்ப்பேன். 'டக்'கென்று விரலுக்குப் பதில் சொல்ல வேண்டும். கொழகொழவென்று அமுங்கினால் கீழே வைத்துவிடுவேன். சுருள் ஒயர், பழைய டெலிபோன் ரிசீவரில் இருந்ததுபோல, இழுத்துவிட்டதும் ஓடிச் சுருள வேண்டும். ஐபி67 தரம் என்றிருந்தால் 1 மீட்டர் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். மழைக்கு அது தாராளம்.

ஒரு குறை உண்டு. ரேடியோ இடுப்பில் இருந்தால் ஆன்டெனாவின் அலையில் கொஞ்சத்தை உடம்பே விழுங்கிவிடும். எதிர்முனைக் குரல் தேய்ந்தால், ரேடியோவைப் பெல்ட்டிலிருந்து கழற்றித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோள் மைக்கில் பேசுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள், குரல் போய்ச் சேருகிறது.