ஸ்லேட்டரின் கேள்வித்தாளும் பி.ஏ. எகனாமிக்ஸும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் சொந்தத்தில் யாராவது கேட்பார்கள்: "பொண்ணு எகனாமிக்ஸ் படிக்கணும்ங்கிறா, எந்தக் காலேஜ்ல போடலாம்?" கேட்பவர் கையில் ஏற்கெனவே ஒரு ரேங்க் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலைவிட நல்ல அளவுகோல் ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது என்பது என் கட்சி. 1918ல் வந்த 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்' என்ற புத்தகம் அது. தொகுத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர்.

ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்கள் படிப்பதற்கென நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்துவிட்டு, 1915ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக வந்தவர் ஸ்லேட்டர். இங்கே மாணவர்கள் கையில் இருந்த பாடம் இங்கிலாந்தின் பொருளாதாரம். அவர் ஒரு கேள்வித்தாள் தயார் செய்து, லீவில் அவரவருக்குத் தெரிந்த ஊருக்குப் போய் எழுதிவரச் சொன்னார். நிலம் யார் கையில்? கூலி காசா, தானியமா? கடன் யாரிடம், என்ன வட்டி? கிணறு எத்தனை, மாடு எத்தனை? விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு, சிவகாசி பக்கத்துக் கரிசல் காட்டு வடமலைபுரம், திருநெல்வேலிக்கு வடக்கே கங்கைகொண்டான் என்று சில ஊர்கள் இப்படித்தான் அச்சில் ஏறின.

புத்தகத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டியதில்லை. ஓட்டைகள் நிறைய. மாணவனுக்கு வசதியான ஊர்தான் தேர்வானது, எனவே சாம்பிள் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊருக்கு ஊர் எழுதிய விதமும் ஆழமும் வேறு என்பதால் ஒப்பிட முனைந்தால் தலை சுற்றும். 1916 வாக்கில் மெட்ராஸில் கல்லூரிப் படிப்பு படித்தவன் எந்த மாதிரிக் குடும்பம் என்று சொல்லவே வேண்டாம். வயலில் இறங்கியவரின் கணக்கு, வரப்பில் நின்றவர் வாய்வழியாகத்தான் நமக்கு வருகிறது. பண்ணையாளின் கடனை அவர் சொல்லிக் கேட்டிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஆனாலும் அது நின்றது. எண்ணும் ஊர்ப் பெயரும் தெளிவாக இருந்ததால், 1936–37ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போக முடிந்தது. அந்த மறு ஆய்வு 1940ல் புத்தகமானது. 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்து ஆட்கள் மறுபடி போனார்கள். ஒரே ஊரை இத்தனை தலைமுறை திரும்பத் திரும்ப அளந்த கதை இந்தியாவில் ரொம்ப அபூர்வம். ஆரம்பித்துவைத்தது இளநிலை மாணவர்களின் லீவு வேலை!

இப்போது கல்லூரிக்கு வருவோம். 'லிபரல் ஆர்ட்ஸ்' என்றால் டெல்லி பக்கம் கண்ணாடிக் கட்டடம் என்று ஆகிவிட்டது. மதுரைக்கு இது புதுச் சரக்கு இல்லை. அமெரிக்க மிஷன்காரர்கள் 1881ல் பசுமலையில் ஆரம்பித்த அமெரிக்கன் கல்லூரி அந்த வார்ப்புதான். லேடி டோக் 1948ல் வந்தது. இரண்டுக்கும் 1978ல் தன்னாட்சி கிடைத்தது. அதாவது பாடத்திட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமையை வைத்து என்ன செய்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்க வேண்டும், ரேங்க்கை அல்ல.

நான் பார்க்கச் சொல்வது மூன்று.

முதலாவது கணக்கு. நம்மூரில் பி.ஏ. எகனாமிக்ஸ் என்றால் கணக்குக்குப் பயந்தவர்கள் போகும் இடம் என்று ஒரு பேச்சு. பிளஸ் டூவில் கணக்கு இல்லாமலே பல கல்லூரிகளில் சேரலாம். ஆனால் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் மாதிரி இடத்தில் எம்.ஏ. என்றால் கால்குலஸ், லீனியர் அல்ஜீப்ரா, புள்ளியியல் இல்லாமல் தேறாது. மேஜர் எகனாமிக்ஸ் ஆனாலும், கணிதத் துறையில் உட்கார்ந்து இரண்டு மூன்று தாள் எடுக்க விடுவார்களா? லிபரல் ஆர்ட்ஸ் என்ற சொல்லுக்கு உண்மையான அர்த்தமே அங்கேதான் இருக்கிறது. ஆம்ஹர்ஸ்ட் என்ற சின்னக் கல்லூரியில் இயற்பியல் படிக்க ஆரம்பித்து இடையில் பொருளாதாரத்துக்கு மாறியவர்தான் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ். அந்த மாதிரிக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாம் ஆண்டு புராஜெக்ட். பழைய புராஜெக்ட்களைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். மேலூர் பக்கம் ஒரு கண்மாய்ப் பாசனம், மாட்டுத்தாவணியில் ஒரு நாள் பூ விலை என்று ஏதாவது இருந்தால் வாத்தியார் வேலை செய்கிறார் என்று பொருள். எல்லாமே நெட்டிலிருந்து வெட்டி ஒட்டியதாக இருந்தால் கட்டடம் எப்படி இருந்தாலும் யோசியுங்கள்.

மூன்றாவது, வாத்தியாரின் சுதந்திரம். 2014ல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகத்தின் எகனாமிக்ஸ் துறை வலுவானது, சந்தேகமில்லை. ஆனால் 2021ல் பிரதாப் பானு மேத்தா விலகியபோது அவரைத் தொடர்ந்து அரவிந்த் சுப்ரமணியனும் விலகினார். 2023ல் 2019 தேர்தல் பற்றிய ஒரு ஆய்வுக் கட்டுரையிலிருந்து நிர்வாகம் ஒதுங்கி நிற்க, எழுதிய சப்யசாச்சி தாஸ் ராஜினாமா செய்தார். கூடவே புலாப்ரே பாலகிருஷ்ணனும். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிற வீட்டுக்காரர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? கேள்வி கேட்கக் கற்றுத்தரும் படிப்பில், எந்தக் கேள்விக்கு இடமில்லை என்பது முக்கியமான தகவல்.

மதுரையிலேயே படி, வெளியே போகாதே என்று சொல்ல வரவில்லை. வெளியே கிடைக்கும் சக மாணவர்கள், பேராசிரியர்கள், தொடர்புகள் எல்லாம் நிஜமானவை. கல்விக் கடனும் அதே அளவு நிஜம். இருபத்தொரு வயதுப் பெண் தலையில் பெரிய கடனை வைத்தால், அவள் ஆராய்ச்சிப் பக்கம் போக மாட்டாள், முதலில் வரும் வேலைக்குத்தான் போவாள். இளநிலையை இங்கே கணக்கோடு சேர்த்து முடித்து, முதுநிலைக்கு வெளியே போவது பல வீடுகளுக்கு நியாயமான வழி.

ஸ்லேட்டரின் மாணவர்களுக்கு எகனோமெட்ரிக்ஸ் தெரியாது. இன்றைய மாணவிக்கு அதைச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அதோடு, வரப்பில் நின்றவரை விட்டு வயலில் நின்றவரிடம் போய்க் கேட்கவும் எந்தக் கல்லூரி அவளை அனுப்புகிறதோ, அதில் சேருங்கள்.