தோளில் துடைத்த கை

நாஜி முகாம்களிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் எழுதியவற்றை நம்மில் சிலர் படிக்கிறோம். படித்துவிட்டு என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்குப் பிரச்னை. சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் நாலைந்து பேர் கூடியிருந்தபோது ப்ரீமோ லெவி பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர், அது ஐரோப்பாவின் பாவம், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றார். இன்னொருவர், இங்கே நடப்பதெல்லாமே ஆஷ்விட்ஸ்தானே என்றார். இரவு இரண்டு மணிவரை இருவரும் சண்டை போட்டார்கள். எனக்கென்னவோ இருவரும் ஒரே காரியத்தைச் செய்துகொண்டிருப்பதாகப் பட்டது. புத்தகத்தில் உள்ள மனிதர்களை அவர்கள் நிற்கும் இடத்திலேயே வைத்துப் பார்க்கும் சிரமம் இருவருக்குமே வேண்டியிருக்கவில்லை.

லெவி இத்தாலியின் டூரின் நகரத்துக்காரர். வேதியியல் படித்தவர். 1943 டிசம்பரில் பிடிபட்டு, 1944 பிப்ரவரியில் ரயிலேற்றப்பட்டு, ஆஷ்விட்ஸைச் சேர்ந்த மோனோவிட்ஸ் முகாமில் 174517 என்ற எண்ணாக இருந்தார். திரும்பி வந்து எழுதிய முதல் புத்தகத்தை எய்னாவ்தி என்ற பெயர்பெற்ற பதிப்பகம் மறுத்துவிட்டது. 1947இல் டி சில்வா என்ற சிறிய பதிப்பகம் 2,500 பிரதிகள் போட்டது. விற்காமல் ஃப்ளாரன்ஸில் ஒரு கிடங்கில் கிடந்த சில நூறு பிரதிகள் 1966 வெள்ளத்தில் மூழ்கிப்போயின. (பரணில் பழைய இதழ்க் கட்டுகளைக் காபந்து செய்துவரும் நண்பர்களுக்கு இது ஒரு ஆறுதல்.) மறுத்த அதே பதிப்பகம் 1958இல் வெளியிட்ட பிறகுதான் புத்தகம் பரவலாகப் படிக்கப்பட்டது.

மூலத்தின் தலைப்பு, 'இது ஒரு மனிதன் என்றால்'. பாதியில் நிற்கும் வாக்கியம். அமெரிக்கப் பதிப்பில் அது 'ஆஷ்விட்ஸில் உயிர்பிழைத்தல்' என்றாயிற்று. பதிப்பாளனின் வியாபார சாமர்த்தியம் என்று தள்ளிவிடலாம். ஆனால் நாம் படிக்கிற லட்சணமே இந்த மாற்றத்தில் இருக்கிறது. முதல் தலைப்பு வாசகனைப் பார்த்துப் பேசுகிறது; வாக்கியத்தை அவன் முடித்தாக வேண்டும். இரண்டாவதில், ஆள் பிழைத்துவிட்டான் என்ற சமாசாரம் அட்டையிலேயே கிடைத்துவிடுகிறது. பி.ஏ. வகுப்பில் எனக்கு அரிஸ்டாட்டிலின் கதார்ஸிஸைக் கற்பித்தார்கள். இரக்கமும் பயமும் பொங்கி வடிந்து மனம் சுத்தமாகிறதாம். அதை எழுதி மார்க்கும் வாங்கினேன். இந்த நினைவுக் குறிப்புகளை நாம் துன்பியல் நாடகங்களாகப் படித்துச் சுத்தமாகிக்கொள்கிறோம். அழுதுவிட்டதால் நாம் நல்லவர்கள் என்றாகிவிடுகிறது.

அந்நியன் எவனும் எதிரி என்ற எண்ணம் தனி மனிதர்களிடமும் தேசங்களிடமும், தெரிந்தோ தெரியாமலோ, உறைந்து கிடக்கிறது என்றும், அது தர்க்கத்தின் முதல் வாக்கியமாக ஆகும்போது சங்கிலியின் கடைசிக் கண்ணியில் முகாம் நிற்கிறது என்றும் லெவி முன்னுரையில் சொல்கிறார். இது அடிக்கடி எடுத்தாளப்படுகிற இடம். எடுத்தாளுகிறவர்கள் நேராகக் கடைசிக் கண்ணிக்குப் போய்விடுகிறார்கள். நம்மிடம் விஷவாயு அறை இல்லை. ஆகவே நமக்கு விடுதலை. முதல் கண்ணி எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் முன்னுரையை விட்டுப் புத்தகத்துக்குள் போக வேண்டும்.

முகாமில் வேதியியல் தெரிந்த கைதிகளுக்கு ஒரு பரீட்சை வைக்கிறார்கள். பான்விட்ஸ் என்ற ஜெர்மானிய டாக்டர் மேஜைக்கு அந்தப்புறம் உட்கார்ந்து, மீன்தொட்டிக் கண்ணாடிக்குள் பார்ப்பதுபோல் லெவியைப் பார்க்கிறார். இந்தப் பார்வையைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்கு அதற்கு அடுத்து வருவதுதான் முக்கியம். பரீட்சை முடிந்து லெவியை அழைத்துக்கொண்டு திரும்புகிறான் காப்போ அலெக்ஸ், அதாவது கைதிகளை மேய்க்கும் கைதி. ஜெர்மானியன், கிரிமினல் குற்றத்துக்காக உள்ளே வந்தவன். வழியில் கிடக்கும் இரும்பு வடங்களைத் தாண்ட ஒன்றைப் பிடிக்கிறான். கையெல்லாம் கரி மசகு. வெறுப்பில்லாமல், கேலியுமில்லாமல், லெவியின் தோளில் உள்ளங்கையையும் புறங்கையையும் துடைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை. இந்த ஒரு காரியத்தை வைத்தே அவனையும், பான்விட்ஸையும், எங்குமுள்ள அவர்களைப் போன்ற சிறியவர் பெரியவர் எல்லோரையும் தான் நிறுத்துப் பார்ப்பதாக லெவி எழுதுகிறார். கொலைகள் நடக்கும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தீர்ப்புச் சொல்ல இதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். துவேஷம் என்றால் கொதிக்கிற ஒன்று என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். அலெக்ஸிடம் எதுவும் கொதிக்கவில்லை. அவனுக்குக் கை துடைக்க ஒன்று வேண்டியிருந்தது, பக்கத்தில் ஒன்று இருந்தது.

பாஷை விஷயமும் இப்படித்தான். 1986இல் எழுதிய கடைசிப் புத்தகத்தில் லெவி இதற்கென்று ஒரு அத்தியாயமே ஒதுக்குகிறார். ஜெர்மன் தெரியாத கைதியிடம் உத்தரவு திரும்பச் சொல்லப்படும், அதே வார்த்தைகளில், இன்னும் உரக்க. அப்புறம் அடி. மௌட்ஹௌஸன் முகாமில் ரப்பர் தடிக்கு மொழிபெயர்ப்பாளன் என்றே பெயர்.

இந்த அத்தியாயத்தைப் படித்த வாரத்தில்தான் நடந்தது, ஆகையால் எழுதிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளைக்குக் கட்டிட வேலைக்காரர் ஒருவர் கணக்குத் தொடங்க வந்தார். ஒடியாவா வங்காளியா, நான் கேட்கவில்லை. எங்கள் கௌன்டருக்கு அவர்கள் எல்லோரும் 'வடக்கன்'. நான் தமிழில் சொன்னேன். புரியவில்லை. அதையே உரக்கச் சொன்னேன், ஒருமையில். கையெழுத்துப் போடத் தெரியாதவர். கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தி ரேகை வைத்தேன். என் விரலிலும் மை ஒட்டியது. அவர் கொண்டுவந்ததில் ஆதார் ஜெராக்ஸ் ஒன்று கூடுதலாக இருந்தது. அதில் துடைத்துக்கொண்டேன். அவர் முகம் அச்சான தாள். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அன்று கூட்டம் அதிகம், அவ்வளவுதான். (இந்தப் பத்தியை முதலில் 'அவன்' என்றே எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.)

உடனே நான் இதை ஆஷ்விட்ஸோடு ஒப்பிடுகிறேன் என்று யாராவது கடிதம் எழுதுவார்கள். லெவியோடு ரயிலில் வந்தவர்கள் 650 பேர். முகாமுக்குள் எடுக்கப்பட்டவர்கள் 96 ஆண்கள், 29 பெண்கள். மற்ற ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட இரண்டு நாளுக்குப் பிறகு உயிரோடில்லை. என் கௌன்டருக்கு வந்தவர் பாஸ்புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார். இந்த வித்தியாசத்தை அழிப்பது அந்த ஐந்நூறு பேரை இன்னொரு முறை காணாமல் அடிப்பது. நடுவே ஒரு அரசு இருக்கிறது, சட்டங்கள், ரயில் கால அட்டவணைகள் இருக்கின்றன. நான் ஒப்பிடுவது இரண்டு கைகளை மட்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்குப் பலியானவர்கள் பரிசுத்தமாக இருக்க வேண்டும். லெவி அந்த சௌகரியத்தையும் தருவதில்லை. யித்திஷ் தெரியாத இத்தாலிய யூதர்களைப் போலந்து யூதர்கள் அலட்சியமாக நடத்துகிறார்கள். பழைய கைதிகள், கையில் பெரிய எண் குத்தப்பட்ட புதியவனை, இதுதான் உருளைக்கிழங்குத் தோல் உரிக்கும் குழுவா, நானும் சேரலாமா என்று காப்போவிடம் கேட்டுவரச் சொல்லி அனுப்பிச் சிரிக்கிறார்கள். லெவியே ஸலோனிக்காவின் கிரேக்கர்களைப் பற்றிச் சொல்லும்போது, வியப்போடுதான் என்றாலும், ஒட்டுமொத்தமாக ஒரு ஜாதி குணத்தை ஒட்டிவிடுகிறார். அவருடைய நிதானத்தை உன்னதம், ஞானம் என்றெல்லாம் நம்மவர்கள் சிலாகிப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அது ஒரு வேதியியல்காரரின் பழக்கம். எடையைச் சரியாக எழுதுகிறார், தன்னுடையதையும் சேர்த்து.

ரூத் க்ளூகர் இதில் இன்னும் கறார். 1931இல் வியன்னாவில் பிறந்தவர், அமெரிக்காவில் ஜெர்மன் இலக்கியப் பேராசிரியராக இருந்து 2020இல் காலமானார். தன் நினைவுக் குறிப்பை 1992இல் ஜெர்மனில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் தானே திரும்ப எழுதி, தாயார் இறந்த பிறகே, 2001இல், வெளியிட்டார். சண்டைக்காரப் புத்தகம், சில இடங்களில் நியாயமற்றதும்கூட. ஆனால் வாசகனை ஒரு நிமிஷம் நிம்மதியாக உட்கார விடாது. ஒரு ஜெர்மானிய மாணவர் அவரிடம், ஜெரூசலத்தில் ஆஷ்விட்ஸ் கைதியாக இருந்த ஒரு கிழவர் அரேபியர்களைத் திட்டுகிறார், அங்கே இருந்து வந்தவர் எப்படி அப்படிப் பேசலாம் என்று கேட்கிறார். க்ளூகர் சீறுகிறார்: ஆஷ்விட்ஸ் என்ன பாடசாலையா, அங்கே எதுவும் கற்பிக்கப்படவில்லை, சகிப்புத்தன்மை நிச்சயமாக இல்லை என்ற அர்த்தத்தில். அந்த மாணவரின் கேள்வியில் இருப்பது நம் நண்பர்கள் கூட்டத்திலும் இருந்தது. துன்பப்பட்டவன் நமக்காகப் புனிதனாகிவிட வேண்டும். பாடத்தை அவனே படித்து முடித்துவிட்டால் நாம் படிக்க வேண்டியதில்லை.

க்ளூகரின் புத்தகத்தில் ஒரு சினிமா தியேட்டர் வருகிறது. 1940, வியன்னா. யூதர்களுக்குத் தடை. சிறுமி ரூத் வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ வொய்ட்' பார்க்கத் தனியாகப் போகிறாள். பக்கத்து ஸீட்டில் வந்து உட்கார்வது தெருவின் ரொட்டிக் கடைக்காரர் மகள், பத்தொன்பது வயது. படம் முடிந்ததும் குழந்தையை நிறுத்தி, இன்னொரு தரம் இங்கே பார்த்தால் பிடித்துக் கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுகிறாள். சட்டம் அவள் பின்னால் இருந்தது வாஸ்தவம். ஆனால் போய் மிரட்டு என்று அவளை யாரும் அனுப்பவில்லை. தன் சௌகரியத்துக்கு, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டாள்.

இதற்கு எதிர்ப்பக்கமாக இன்னொரு இளம்பெண்ணையும் க்ளூகர் காட்டுகிறார். எழுத்தர் வேலையில் இருப்பதாலோ என்னவோ, நான் திரும்பத் திரும்பப் போவது அந்தப் பக்கத்துக்குத்தான். 1944, பிர்கெனௌ. பதினைந்திலிருந்து நாற்பத்தைந்து வயதுவரை உள்ள பெண்களை வேலை முகாமுக்குப் பொறுக்குகிறார்கள். ரூத்துக்குப் பன்னிரண்டு. ஒரு வரிசையில் வயதை உள்ளபடி சொல்லித் தள்ளப்பட்டாயிற்று. தாயாரின் வற்புறுத்தலில் இன்னொரு வரிசையில் போய் நிற்கிறாள். எஸ்.எஸ். அதிகாரியின் அருகே விவரங்களை எழுதிக்கொண்டிருப்பவள் ஒரு கைதி. அவள் தன் இடத்தை விட்டு வந்து, அவன் காதில் விழக்கூடிய தூரத்தில், வயது என்ன என்று மெல்லக் கேட்டு, பதினைந்து என்று சொல் என்கிறாள். முறை வருகிறது. சின்னப் பெண்ணாக இருக்கிறதே என்கிறான் அவன். பலசாலி, கால்களைப் பாருங்கள், வேலை செய்வாள் என்று எழுத்தர் சொல்கிறாள். அவளுக்கு ரூத் யாரோ. இதில் அவளுக்கு லாபமும் கிடையாது. அவன் சரி என்கிறான். அவள் எண்ணைக் குறித்துக்கொள்கிறாள்.