சமையற்கட்டில் நிற்கும் நாலாவது மகன்

'கரமசோவ் சகோதரர்கள்' நாவலைத் தத்துவத்துக்காகப் படிப்பவர்கள் அதிகம். சகோதரர்களில் ஒருவனான இவானின் கடவுள் விசாரணையும் ஜோசிமா துறவியின் உபதேசமும் அடிக்கோடிடப்பட்டே பழுத்துப்போன பக்கங்கள். எனக்கு அது முதலில் ஒரு வீட்டுக் கதை. சொத்துத் தகராறு, ஒரே பெண்ணின் மேல் அப்பனும் பிள்ளையும் வைத்த கண், ஊருக்கே தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு ரகசியம், கடைசியில் ஒரு கொலை வழக்கு.

அந்த ரகசியம் சமையற்கட்டில் நிற்கிறது. ஸ்மெர்த்யகோவ் அந்த வீட்டுச் சமையல்காரன். தெருவில் திரிந்த பேதைப் பெண்ணுக்கு, வீட்டுத் தலைவரான கிழவர் ஃபியோதர் பாவ்லவிச்சின் தோட்டத்துக் குளியலறையில் பிறந்தவன். அப்பன் யார் என்று நாவல் எங்குமே உறுதி சொல்வதில்லை. ஆனால் கிழவரின் பெயரையே தகப்பன் பெயராகச் சேர்த்து ஊர் அவனைக் கூப்பிட, கிழவரும் அதை மறுக்காமல் ரசிக்கிறார். மீன் சூப்பும் காப்பியும் அவன் கைப்பக்குவத்தில்தான் வேண்டும். மகன் என்ற சொல் மட்டும் வராது. சாதுவான கடைசி மகன் அல்யோஷாகூட அவனை அண்ணன் என்று நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அந்த அலட்சியமே பின்னால் அவனுக்குக் கவசமாகிறது. வலிப்பு நோய்க்காரன், கோழை, அவனாவது கொல்வதாவது என்று முதலில் சொல்பவன், கொலைப்பழி சுமந்து நிற்கும் மூத்தவன் மித்யாவேதான்!

கொலை இரவை தாஸ்தயேவ்ஸ்கி எழுதியிருக்கும் விதம் இன்றைய துப்பறியும் எழுத்தாளர்களுக்குப் பாடமாக வைக்கத் தக்கது. இருட்டுத் தோட்டம். வெளிச்சமான ஜன்னலில் தலையை நீட்டும் தகப்பனின் முகம், மித்யாவுக்கு அதன்மேல் பொங்கும் அருவருப்பு. சட்டைப்பையிலிருந்து பித்தளை உலக்கையை உருவுகிறான். அடுத்து ஒரு வரி முழுக்க வெறும் புள்ளிகள். புள்ளிகள் முடியும்போது வேலைக்காரக் கிழவர் கிரிகோரி விழித்துக்கொண்டு வெளியே வருகிறார். நடுவில் நடந்ததை ஆசிரியர் பொய்யாகச் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டுவிட்டார்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போவது மோக்ரயே விடுதியில் மித்யாவிடம் நடக்கும் விசாரணைக்கு. கையில் இருக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு உண்மையான பதில் மித்யாவிடம் இருக்கிறது. அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த காத்யா அஞ்சலில் அனுப்பச் சொல்லிக் கொடுத்த 3000 ரூபிளில் பாதியை முன்பே களியாட்டத்தில் தொலைத்துவிட்டு, மீதி 1500-ஐத் துணியில் தைத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தான். அது கழுத்தில் கிடக்கும் வரை அவன் கணக்கில் அவன் அயோக்கியன்தான், திருடன் அல்ல; எந்த நிமிடமும் போய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம். அன்றிரவு பிய்த்தெடுத்ததும் திருடனாகிவிட்டான். தப்பிக்க உதவும் ஒரே உண்மையைச் சொல்ல, கொலைகாரன் என்ற பெயரைவிட அதிகமாகக் கூசுகிறான். சொன்ன பிறகோ, அந்தத் துணி எங்கே வாங்கியது என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். வீட்டுக்காரியின் பழைய தொப்பியில் கிழித்தது என்கிறான். உடைகளைக் களையச் சொல்லும்போது, கொலைப்பழியை மறந்து, அழுக்குக் காலுறைக்கும் தன் கால் பெருவிரலுக்கும் வெட்கப்படுகிறான்.

நீதிமன்றப் பகுதியில் வக்கீல்களின் சொற்பொழிவுகள் நீளம்தான். பொறுமை போய்விடும். ஆனால் முன்னதாகச் சாட்சி சொல்லும் ஹெர்ட்ஸென்ஸ்டூபே என்ற கிழ மருத்துவர் எல்லாவற்றையும் ஈடுகட்டிவிடுகிறார். கவனிப்பாரின்றிக் கொல்லைப்புறத்தில் வெறுங்காலோடு ஓடிய சிறுவனுக்கு அவர் ஒரு பவுண்டு கொட்டைப்பருப்பு வாங்கிக் கொடுத்ததும், வளர்ந்த மித்யா 23 வருடம் கழித்து வந்து அதற்கு நன்றி சொன்னதும் அங்கே தெரியவருகிறது. வழக்குக்கு நயாபைசா உதவாத சாட்சியம்.

இந்தக் கதையின் விதை ஓம்ஸ்க் சிறையில் விழுந்தது. தகப்பனைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டுப் பின்னர் நிரபராதி என்று தெரியவந்த ஒருவர் அங்கே தாஸ்தயேவ்ஸ்கியோடு கைதியாக இருந்தார். நாவல் 1879-80இல் பத்திரிகைத் தொடராக வந்தது. அது முடிந்த சில மாதங்களில், 1881இல், ஆசிரியர் காலமானார். தொடர்ச்சி எழுத நினைத்திருந்தது நடக்கவில்லை. அதனால் தண்டிக்கப்பட்ட மித்யாவின் திட்டம் அந்தரத்திலேயே நிற்கிறது: அப்பனும் பிள்ளையும் கண் வைத்த அந்தக் குரூஷென்காவோடு அமெரிக்காவுக்குத் தப்பி ஓடி, மூன்று வருடத்தில் ஆங்கிலம் கற்று, அமெரிக்கக் குடிமகனாக வேஷம் மாறி ரஷ்யாவுக்கே திரும்பிவிட வேண்டும். அடையாளம் தெரியாமலிருக்க முகத்தில் ஒரு மரு வைக்கவும் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாமாம். அமெரிக்காவை இப்போதே வெறுக்கிறேன் என்றும் தம்பியிடம் சொல்லிவிடுகிறான்.