பெரட்டுக்கு நிற்கிற கூட்டம்: ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பாட்டியோடு பார்த்தபோது

2021 மார்ச்சில் ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தபோது இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு முழுசாக விலகியிருக்கவில்லை. கிள்ளான் வீட்டு ஹாலில் டிவியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் பாட்டி. ஆயுசில் பாதியை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் கழித்தவர். பாட்டு முடிகிறவரை ஒன்றும் பேசவில்லை. முடிந்ததும் சொன்னார்: “பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க. ஆனா பேர் கூப்பிட ஆள் இல்லையே?”

தோட்டம் தெரியாத தலைமுறைக்காக ஒரு விளக்கம். விடிவதற்கு முன்னால் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும், ஏட்டில் பேர் ஏற வேண்டும். இல்லையென்றால் அன்றைக்குக் கூலி கிடையாது.

ஒரு பாட்டின் அர்த்தத்தைக் காட்சி எப்படிச் சொல்கிறது என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் உண்மையிலேயே வந்தது. நம் காணொளிகளில் பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் உண்டு. வரியில் மழை வந்தால் திரையில் மழை, வரியில் கண்ணீர் என்றால் குளோசப்பில் கண்ணீர். இது முதல் வழி. காது ஏற்கெனவே கேட்டதைக் கண்ணுக்கு மறுபடி சொல்வது. இரண்டாவது, அலங்காரம். வாடகைக்கு எடுத்த கார், ராத்திரி கேஎல்சிசி விளக்குகள், ஸ்லோமோஷனில் நடந்து வரும் நாலு பையன்கள். பாட்டை மாற்றிப் போட்டாலும் காட்சி அப்படியே பொருந்தும்.

மூன்றாவது வழி அபூர்வம். பாட்டு சொல்லாமல் விட்டதைக் காட்சி எடுத்துக்கொள்வது. ‘என்ஜாய் எஞ்சாமி’ அதைத்தான் செய்கிறது.

சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய பாட்டு. காணொளியை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். அரக்கோணத்துக்காரரான அறிவு, தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து இந்தப் பாட்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பிய மக்களின் கதை அது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதாகப் பங்கு பிரித்தார்கள். ‘உனக்கு எந்த ஊர் வேண்டும்’ என்று அந்த மக்களிடம் கேட்டு எழுதிய ஒப்பந்தம் இல்லை அது.

வேறொரு இயக்குநர் என்றால் இந்தக் கதையை நடித்துக் காட்டியிருப்பார். கப்பல், கங்காணி, கூடை சுமக்கும் பெண்கள், கடைசியில் அழுகை. இந்தக் காணொளி அந்தப் பக்கமே போகவில்லை. பரந்த வெளியில் மனிதர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து வைக்கிறது. குனிந்து வேலை செய்யும் முதுகுகளாக இல்லை, நிமிர்ந்து கேமராவைப் பார்க்கும் முகங்களாக. குடும்பப் படம் எடுக்க நிற்பது மாதிரி. பாட்டு துள்ளுகிறது, தலைப்பே ‘அனுபவி’ என்கிறது. ஆனால் உழைத்து உருவாக்கிய மண்ணில் இவர்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வியை அந்த முகங்கள் சும்மா நின்றே கேட்கின்றன. பாட்டி கண்டுபிடித்தது இதைத்தான். பெரட்டின் வரிசை அப்படியே இருக்கிறது, அதிகாரி மட்டும் இல்லை.

எனக்கு ஒரு புகாரும் உண்டு. காணொளி சில இடங்களில் ரொம்ப அழகாக இருக்கிறது. ஆடையும் நிறமும் ஒப்பனையும் சேர்ந்து, வேதனை கொஞ்சம் ஃபேஷன் பத்திரிகைப் படமாகிவிடுகிறது. பாட்டியிடம் இதைச் சொன்னேன். “நாங்க மட்டும் எப்பவும் கிழிஞ்சதே கட்டிக்கிட்டு நிக்கணுமா?” என்றார். என் புகார் இன்னும் இருக்கிறது, ஆனால் முன்பு மாதிரி உறுதியாக இல்லை. ‘கபாலி’யில் கோட்டு போடுவது வெறும் ஸ்டைல் இல்லை, அம்பேத்கர் வழி வந்த அரசியல் என்று பேசியபோது தியேட்டரில் விசில் அடித்தவன் நான். தோட்டத்துப் பெண்கள் பட்டு உடுத்தினால் மட்டும் ஏன் உறுத்துகிறது?

அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொரு படம் வந்தது. ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார், பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. யார் பங்கு எவ்வளவு என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. ஆனால் பேர் விடுபட்டால் என்ன ஆகும் என்று சொல்லும் ஒரு பாட்டுக்கே இது நடந்தது. படத்தில் இல்லாததும் ஓர் அர்த்தத்தைச் சொல்கிறது.

இனி நம் ஊர். 2006இல் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம் தமிழ்நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. தமிழ் ராப்பில் நாம் யாருக்கும் பின்னால் வந்தவர்கள் இல்லை. ஒலியில் அவ்வளவு முன்னால் போனோம், காட்சியில் ஏன் இன்னும் கார் பானெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறோம்?

பிரிக்பீல்ட்ஸில் எடுக்கும் காணொளிகளைப் பாருங்கள். துன் சம்பந்தன் சாலையின் வண்ண வளைவுகள் பின்னணியில் வரும், அவ்வளவுதான். யார் அந்தச் சம்பந்தன்? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், தொழிலாளர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்க 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். நிலத்தைப் பற்றிய ஒரு முழுப் பாட்டே அந்தப் பெயர்ப்பலகையில் இருக்கிறது. நாம் அதன் கீழே நின்று சன்கிளாஸை மாட்டுகிறோம்.

என் வேலை வடிகால் வடிவமைப்பு. கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தத் தாமானைத் தோண்டினாலும் பெரும்பாலும் கீழே ஒரு தோட்டம் இருக்கும். சுபாங் ஜெயா முன்பு சீபீல்ட் தோட்டம், ஷா ஆலம் முன்பு சுங்கை ரெங்கம் தோட்டம். பழைய வரைபடங்களில் லயங்கள் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் நிற்கும். புது வரைபடத்தில் அந்த இடத்தில் கார் பார்க்கிங். அந்தக் கோடுகளை வரைகிறவர்களில் நானும் ஒருவன்.

அதனால் காணொளி எடுக்கிற நண்பர்களுக்கு ஒரு யோசனை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தோட்டம் இருந்த ஏதாவது ஒரு தாமானின் கார் பார்க்கிங்குக்கு அங்கே பால்மரம் வெட்டியவர்களைக் கூட்டி வாருங்கள். பிடித்ததை உடுத்திக்கொண்டு வரட்டும். நடிக்கச் சொல்ல வேண்டாம். கேமராவைப் பார்த்து நின்றால் போதும். கடைசியில் கிரெடிட்ஸ் ஓடும்போது அவர்கள் ஒவ்வொருவர் பேரையும் போடுங்கள். கேட்டால் என் பாட்டியும் வருவார்.